கடல்கூட முழுசா இருக்கா?

“ஹலோ... சொல்லுடி... தூங்கல, மணி பத்தாகுது, இன்னுமா தூங்குவாங்க... கையெல்லாம் பசை, அதான் எடுக்க நேரமாச்சு... ஆமா, ஆமா, அதே வேலைதான். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வேற என்ன... இரு, ஸ்பீக்கர்ல போட்டுடறேன்... வேண்டாமா?... சரி, காதுலயே வச்சுக்கறேன். என்ன விஷயம்?”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பெரியவள் மேசை மேலிருந்த மரத்துண்டை மறுபடி கையில் எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன நாடு. அதன் வடக்கு ஓரத்தில் காகிதம் கிளம்பியிருந்தது. அதைத்தான் காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவளுக்கு ஐம்பத்தாறு வயது. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடமாக வரைபடம் வரைகிறாள். யாருடைய வேலி எங்கே முடிகிறது, யாருடைய கிணறு யாருடைய எல்லைக்குள் விழுகிறது என்பதை மயிரிழைக் கோட்டில் காட்டுவது அவள் வேலை. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தன் வேலியை இரண்டடி தள்ளி வரையச் சொல்லிக் கெஞ்சி, பிறகு மிரட்டியபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவள் என்று அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பேர் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு வரைபடங்கள். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் குழந்தைகளுக்குப் பூகோளம் புகட்டுவதற்காகச் செய்த பசில்கள். மெல்லிய பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் மேலேயே ரம்பம் ஓட்டி அறுத்திருப்பார்கள். குழந்தை ஒவ்வொரு நாடாக எடுத்து அதனதன் இடத்தில் வைக்கவேண்டும். அப்படி இருபத்தாறு பெட்டிகள் அவளிடம் இருந்தன. எல்லாம் பழைய சாமான் கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்களிடமும் தேடித் தேடிச் சேர்த்தவை. முழுசாக இருந்தது ஒன்றுகூட இல்லை. ஏதாவது ஒரு குழந்தை ஏதாவது ஒரு நாட்டைத் தொலைத்திருக்கும்.

பேசிக்கொண்டிருந்தது அவளுடைய ஒரே தங்கை. குடும்பத்தில் அவளுக்குக் குருவி என்று பேர். நாற்பத்தொன்பது வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட். வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். கை கால் விளங்காமல் படுத்தவர்களுக்கு வீடு வீடாகப் போயும் பயிற்சி கொடுப்பாள்.

“பெட்டியா? என்ன பெட்டி?... மரப்பெட்டி... ம்... உள்ள பசிலா? நீயா வாங்கினே?... பின்ன?... சரி, அதை அப்புறம் சொல்லு. எத்தனை பெரிசு?... கையை விரிச்சு அளந்தா சொல்லுவாங்க, வீட்டுல ஒரு ஸ்கேல் இல்லையா... சரி, ரெண்டு சாண்.”

பெரியவள் சிரித்துக்கொண்டாள். போன பிறந்தநாளுக்குக் குருவி ஒரு பசில் வாங்கி வந்திருந்தாள். பொம்மைக் கடையில் விற்கிற அட்டைப் பசில், பூனைக்குட்டி படம். இதுவும் அந்த ஜாதிதான் என்று நினைத்தாள்.

“மூடி எப்படித் திறக்குது? மேல தூக்கணுமா, பக்கவாட்டுல இழுக்கணுமா?... இழுக்கணுமா.”

சிரிப்பு நின்றது. இழுப்பு மூடிப் பெட்டி என்றால் பழசு.

“மூடி மேல பேப்பர் ஒட்டியிருக்கா?... என்ன கலர்?... படம் என்னன்னு பாரு... முழு உலகமா. வட்டமா இருக்கா?... ஒரு வட்டமா, ரெண்டு வட்டமா?... ரெண்டு.”

பசைத் தூரிகையை அவள் கீழே வைத்தாள். துண்டின் காகிதம் மறுபடி ஓரத்தில் கிளம்பியது. அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வட்ட உலகம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏலப் பட்டியலில் அதன் படத்தைப் பார்த்திருக்கிறாள். கறுப்பு வெள்ளையில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். மற்றப் பெட்டிகளிலெல்லாம் நாடுகளைத்தான் அறுத்திருப்பார்கள், கடல் சும்மா சட்டமாக நிற்கும். இதைச் செய்தவன் மட்டும் கடலையும் பத்தொன்பது துண்டாக அறுத்திருந்தான். எந்தக் குழந்தையும் முதலில் தொலைப்பது கடலைத்தான். பேர் இல்லாத ஒரு நீலத் துண்டுக்காக யார் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடுவார்கள்? அவளுக்குத் தெரிந்தவரை எங்கெங்கோ மூன்று பெட்டிகள் மிச்சம் இருந்தன. மூன்றிலும் நிலம் இருந்தது, கடல் இல்லை.

“குருவி, நான் கேக்கறதுக்கு நிதானமா பதில் சொல்லு. நீலத் துண்டு இருக்கா?... வெறும் நீலம். நாடு கீடு எதுவும் இல்லாம... இருக்கா. எத்தனை?... நிறையன்னா எத்தனை? எண்ணிச் சொல்லு... அவசரமில்ல, எண்ணு...”

காத்திருந்தாள்.

“பத்தொன்பதா... இன்னொரு தடவை எண்ணு... சரி, சரி, நம்பறேன். கோவிச்சுக்காதே.” குரல் தானாகவே அடங்கிப் போயிருந்தது. “கடல்கூட முழுசா இருக்கா?”

சமையலறையிலிருந்து அவள் கணவர் காபி டம்ளரோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கையாலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். அவர் போகவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இப்ப சொல்லு, எங்க கிடைச்சுது?... அந்தம்மாவா? எந்தம்மா?... ஆமா, சொல்லியிருக்கே. கப்பல் கேப்டன் வீட்டம்மா. வலது கை விளங்காம இருந்தாங்களே... எட்டு மாசமா போறே... இப்ப ஸ்பூன் பிடிக்கிறாங்களா, நல்லது, நல்லது... ம்... விரலுக்குப் பயிற்சி குடுக்க வீட்டுல என்ன இருக்குன்னு தேடினியா... பரண்லேர்ந்தா... அந்தத் துண்டுகளை எடுத்து எடுத்து வைக்கச் சொல்லியா பழக்கினே? எட்டு மாசமும்?... ம்... அப்புறம் உங்கிட்டயே குடுத்துட்டாங்களா... சும்மாவா? சும்மா எடுத்துட்டுப் போன்னா சொன்னாங்க?”

சும்மா என்ற அந்த ஒரு வார்த்தை பெரியவளுடைய நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

குருவிக்கு எல்லாம் அப்படித்தான் வரும். சும்மா. அவள் வைத்தியம் பார்க்கிற வீடுகளிலிருந்து பூந்தொட்டி வரும், பட்டுத்துணி வரும், ஒரு வீட்டிலிருந்து தையல் மெஷினே வந்தது. சின்ன வயதிலும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அவளை மடியில் உட்கார்த்திக்கொள்வார்கள். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு வருடமாக ஒரு படத்தைக் கதவில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். எட்டு மாதமாகத் தினமும் அதைக் கையில் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், அது என்னவென்றே தெரியாதவள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அம்மா விஷயத்தைத்தான் அவளால் தாங்க முடிந்ததில்லை. அப்பா போன பிறகு அம்மா யார் வீட்டில் இருப்பது என்று வந்தபோது, பெரியவள் தன் பின்னறையைக் காலி செய்தாள். சுவருக்கு வெள்ளையடித்தாள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாள், உயரம் குறைந்த கட்டிலாகப் பார்த்து வாங்கிப் போட்டாள். அம்மா வந்து இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள், சின்னவளையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. மூன்று வருடம் அங்கேயே இருந்தார். போன வருடம் அங்கேயே கண்ணை மூடினார். ஏன் என்று பெரியவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

“என்னடி கேட்டே?... நல்ல பெட்டிதானான்னா?...”

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“அது பழசு இல்லடி.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. அவ்வளவு லேசாக வந்துவிட்டது.

“பழசு மாதிரி செஞ்சது... ஆமா, ஆமா. ஒரு நாப்பது அம்பது வருஷத்துக்கு முன்னாடி இப்படி நிறைய போட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் சப்ளை பண்ணினாங்க... நீ சொல்றதை வச்சே தெரியுதே. கடல் முழுசா இருக்குன்னு சொன்னே பாரு, அப்பவே நினைச்சேன். நிஜமான பெட்டியில கடல் இருக்கவே இருக்காது... இழுப்பு மூடியும் அப்படித்தான், பார்க்க அழகா இருக்கட்டும்னு வைக்கறது... பேப்பர் பழுப்பா இருந்தா? டீத் தண்ணியில முக்கினாக்கூடப் பழுப்பாகும்டி... இல்ல, ஏமாத்தணும்னு அந்தம்மா செஞ்சிருக்க மாட்டாங்க, பாவம், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

பின்னால் டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கத்தரித்த படத்தைப் பன்னிரண்டு வருடமாக அவரும் பார்த்துக்கொண்டிருப்பவர். அவள் திரும்பாமலே, அவர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உள்ளே போனார்.

“இல்லல்ல, தூக்கியெல்லாம் போடவேண்டாம்... ஒண்ணு பண்ணேன், எங்கிட்ட குடுத்துடு. எனக்கு உடைஞ்ச பெட்டி நாலஞ்சு இருக்கு. மரம் உதவும்... பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா ஒட்டுப்போட... சாயந்திரம் உங்க அத்தானை அனுப்பறேன். இல்ல, நானே வரேன்... நீ ஏன் அலையணும்.”

வியர்த்துவிட்டது. புறங்கையால் நெற்றியைத் துடைத்ததில் பசை ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு ‘சரி’ வந்தால் போதும். பெட்டி சாயந்திரத்துக்குள் இந்த மேசைக்கு வந்துவிடும். அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மெல்ல மெல்ல, நல்லாப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

“என்னது?... கிளினிக்லயா?... ஓ. விரல் பயிற்சிக்கு... யாரெல்லாம்?... பத்துப் பேரா. தினமுமா?... இல்லடி, அது சரியா வராது... ஏன்னா... மரம் சிலும்பா இருக்கும், கையில குத்தும்... இத்தனை நாளா குத்தலையா. சரி... வேற ஏதாவது வச்சுக்கோயேன், பட்டன் வச்சுக்கோ, பாசிமணி வச்சுக்கோ... என்ன பண்ணுவே?... கழுவியா?... சோப்புத் தண்ணியிலயா?”

எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து அலமாரியில் முட்டியது.

“தண்ணி படக் கூடாதுடி. பேப்பர் ஊறிடும். அடியில இருக்கறது பழைய காலத்துப் பசை, ஈரம் பட்டா அப்படியே கையோட வந்துடும்... டெட்டால் துணியும் வேண்டாம். வெயில்லயும் வைக்காதே. ஒண்ணுமே பண்ணாதே, மூடியை மூடி அப்படியே வை...”

மறுபக்கம் ஏதோ சின்னதாகக் கேட்கப்பட்டது.

“பழைய காலத்துப் பசைன்னா சொன்னேன்?... நாப்பது வருஷம்கூடப் பழசுதானேடி... ஆமா, போலியா இருந்தா என்ன, ஒரு பொருள்னா அதுக்கு மரியாதை இல்லையா... நான் எங்க பதட்டப்படறேன்? பதட்டமே இல்ல.”

நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். குருவி இப்போது வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். அப்படித்தான் முதலில் தோன்றியது. கிளினிக்குக்கும் வேண்டாம், அக்காவுக்கும் தொந்தரவு வேண்டாம், பேசாமல் பல் டாக்டருக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிற மாதிரி ஏதோ.

பல் டாக்டர் இரண்டு குடும்பத்துக்கும் பல் பார்க்கிறவர். அவரும் இந்த வரைபடப் பெட்டிகளைச் சேர்க்கிறவர். அவரிடம் நாற்பது பெட்டி. ஆரம்பத்தில் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே பெரியவளால்தான். வாயில் பஞ்சோடு படுத்துக்கொண்டு ஒருநாள் அவள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் தொடங்கினார். அப்புறம் அவளையே தாண்டிப் போய்விட்டார். அவர் புதுப் பெட்டி காட்டுகிற நாளில் பெரியவளுக்கு இல்லாத பல்லும் வலிக்கும்.

“அவருக்கு எதுக்கு?... அவர் ஏன் கேக்கறார்?... ஆசையா இருக்குன்னாரா. அவருக்கு எதுல ஆசை இல்ல... எங்கிட்ட குடுன்னு நான் முதல்ல கேட்டேனா இல்லையா? கூடப் பொறந்தவளுக்கு மேல உனக்குப் பல் டாக்டர் பெரிசாயிட்டாரா?... அவர் எப்படிடி பார்த்தார்?... நீ காட்டினியா...”

மேசை மேல் கிடந்த சின்ன நாட்டை விரலால் திருப்பினாள். காகிதம் கையோடு வந்துவிட்டது.

“எப்போ காட்டினே?... புதன்கிழமையா.”

இன்றைக்கு ஞாயிறு.

“என்ன சொன்னார்?...”

அந்தப் பக்கம் நிதானமாகப் பேசியது. பல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார். நிஜம் என்றிருக்கிறார். இப்படி ஒன்றை இன்னொரு தடவை கண்ணால் பார்ப்பேனா என்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். குருவி இதை நாலு நாளாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் போன் செய்திருக்கிறாள்.

“பல்லு பார்க்கறவருக்கு என்னடி தெரியும்” என்றாள் பெரியவள். உப்புச் சப்பில்லாமல் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் அதுவும் பாதியில் தேய்ந்துபோனது.

“...இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.”

“...அப்ப தெரிஞ்சுகிட்டே ஏண்டி என்னைக் கேட்டே? சோதிச்சியா?... பின்ன?... நான் சொல்றதைக் கேக்கணும்னா? எதுக்கு?”

பதில் வர வர அவள் முகம் மாறியது. முதலில் புரியாமல், அப்புறம் புரிந்து.

“எனக்கா?... எனக்காகவா கேட்டு வாங்கினே?... அந்தம்மா உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்களா... நீ உனக்கு எதுவும் கேக்கலையா... ம்... எங்க அக்காவுக்கு இதுன்னா உசுருன்னு சொன்னியா.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அக்கா சந்தோஷத்தில் கத்துவாள், அதைக் காதோடு கேட்கவேண்டும் என்றுதான் குருவி ஸ்பீக்கர் வேண்டாம் என்றிருக்கிறாள். பெட்டி என்னவென்று அக்காவையே சொல்லவிட்டுக் கடைசியில், அது உனக்குத்தான் என்று சொல்வதாக இருந்திருக்கிறாள். அக்கா இரண்டே நிமிடத்தில் கதவைச் சாத்திவிட்டாள்.

“அழாதேடி... அழலையா. சரி... கேளு, என்ன வேணும்னாலும் கேளு. திட்டு.”

குருவி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கணவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன்னா... ஏன்னா எனக்குப் பொறாமையா இருந்துதுடி.”

ஐம்பத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“ஆமா. உம்மேலதான்... பெட்டிக்காக மட்டும் இல்ல... எல்லாத்துக்கும்தான். நீ சும்மா நிப்பே, எல்லாம் உங்கிட்ட வரும். நான் ஓடி ஓடிப் போவேன், பாதிதான் கிடைக்கும். எங்கிட்ட இருக்கற இருபத்தாறும் பாதிதாண்டி, தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒரு ஓட்டை... இல்ல, நான் சொல்லிடறேன், குறுக்கே பேசாதே. இப்ப சொல்லலைன்னா அப்புறம் சொல்ல மாட்டேன்.”

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“அம்மாவும் உங்கிட்டதான் வந்தாங்க. நான் ரூமை ஒழிச்சு, வெள்ளையடிச்சு, கம்பியெல்லாம் வச்சேன். ரெண்டே நாள். நான் என்ன குறை வச்சேன்னு சொல்லாமலே போயிட்டாங்க. நீ பாட்டுக்கு வந்து நிக்கறே, எனக்கு உலகமே கிடைச்சுது, கடலோடன்னு சொல்றே. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ்வளவுதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல.”

கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். இல்லை. மறுபடி காதில் வைத்தபோது குருவி பேச ஆரம்பித்திருந்தாள்.

“ம்... ம்... அம்மாவா சொன்னாங்க?... எப்போ?... வந்த புதுசுலயா...”

பெரியவளின் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது.

“கட்டிலுக்கடியிலயா... ஆமா, ஹால்லதான் வச்சிருந்தேன், வேற எங்க வைக்கறது. துணி போட்டு மூடித்தானே வச்சிருந்தேன்... அதைத் தூக்கிப் பார்த்தாங்களா?... எல்லாப் பெட்டியையுமா... ம்...”

நாலு வருடமாக அவள் கேட்கப் பயந்த பதில் இதுதான். அந்தப் பின்னறை அதற்கு முன்னால் பசில்கள் இருந்த அறை. அம்மாவுக்காக அவள் அதை ஒழித்து, பெட்டிகள் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஹால் கட்டிலுக்கடியில் அடுக்கி, மேலே பழைய திரைத்துணியைப் போட்டு மறைத்திருந்தாள். இரண்டாம் நாள் பெரியவள் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது அம்மா அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு அறை, அதிலும் நான் போய்ப் படுத்துக்கொண்டால் அவள் எங்கே போவாள் என்று குருவியிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம் சொல்லாதே, சொன்னால் வீம்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதே அறையில்தான் பெரியவள் இப்போது உட்கார்ந்திருந்தாள். அம்மா குருவி வீட்டுக்குப் போய் மூன்று மாதம் கட்டிலை அப்படியே போட்டு வைத்திருந்துவிட்டு, இனி வரமாட்டார் என்று தெரிந்த பிறகு, அழுதுகொண்டே பெட்டிகளைத் திரும்ப இங்கே கொண்டுவந்து அடுக்கியது நினைவிருந்தது. யாரும் வேண்டாம் என்று விட்டுப் போன அறை இது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் வாசலில் வந்து நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பசைக் கையால் துடைத்ததில் இமை ஒட்டிக்கொண்டது.

“...கேட்டுட்டுதான் இருக்கேன்.”

அழவேண்டும் போலவும் இருந்தது, அம்மாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் முதலில் வாயில் வந்தது வேறு.

“இதைக்கூட உங்கிட்டதான் சொன்னாங்களா?”

சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வாசலில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

“சிரிக்காதேடி. நான் நிஜமாத்தான் கேக்கறேன். எனக்காக ஒரு காரியம் செஞ்சிருக்காங்க, அதை எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட சொல்லியிருக்காங்க. அதுவும் உனக்குத்தானா?... ஆமா, இதுக்கும் பொறாமைதான். போ... என்ன பண்றது, பழகிடுச்சு... இனிமே சொல்லிட்டே படறேன், போதுமா?”

அந்தப் பக்கம் யாரோ குருவியைக் கூப்பிட்டார்கள். கிளினிக்கில் ஆள் வந்திருப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

“யாரு வந்திருக்காங்க?... முழங்காலா... சரி, போ, காக்க வைக்காதே... பெட்டியா?...”

பெரியவள் அலமாரியைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

“வேண்டாண்டி. நீயே வச்சுக்கோ... இல்ல, வீம்பு இல்ல. போலின்னு சொன்ன வாயால அதை வாங்கிக்க முடியாது. எட்டு மாசம் அந்தம்மா கையைப் பிடிச்சு ஒவ்வொரு துண்டா வைக்கச் சொல்லிக் குடுத்தது நீ. உன்னோடதுதான் அது... பல் டாக்டருக்கா? குடுத்தே, அப்புறம் என் வாசப்படி ஏறாதே... அதெல்லாம் வேற விஷயம், அதுல சமாதானமே கிடையாது.”

கணவர் உள்ளே வந்து, சாய்ந்து கிடந்த பசைப் புட்டியை நிமிர்த்தி மூடினார்.

“வரேன், வரேன். புதன்கிழமை சாயந்திரம் ஆபீஸ் விட்டு நேரா வரேன். பார்த்துட்டு, ஒரு தடவை சேர்த்துப் பார்த்துட்டு, வெறுங்கையோட திரும்பி வந்துடறேன்... உன் வீட்டுலயே இருக்கட்டும். நிஜமாத்தான் சொல்றேன்...”

குருவி மறுபடி கேட்டிருக்கவேண்டும். பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். நில அளவை அலுவலகத்தில் கோடு போடுவதற்கு முன் யோசிப்பதுபோல, சரியான இடம் எது என்று பார்த்தாள்.

“சரி, முழுசா நிஜம் இல்ல. முக்கால்வாசி நிஜம்.”

அந்தப் பக்கம் குருவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.